மக்கும் பிளாஸ்டிக்கா, கரும்புச் சக்கையா, எவர்சில்வரா? பார்சல் கடைக்கு எது பொருந்தும்

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. உணவு கட்டும் தாள், பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், ஸ்ட்ரா, தூக்குப் பை என்று டிபன் கடையிலும் ஜூஸ் கடையிலும் அன்றாடம் புழங்கியவை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வந்துவிட்டன. 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசின் தடையும் சேர்ந்துகொண்டது. அந்த இடத்தை நிரப்பத்தான் ‘சோளத்தில் செய்தது, மண்ணோடு மண்ணாகிவிடும்’ என்ற வாசகத்தோடு மக்கும் பிளாஸ்டிக் டம்ளர்களும் கவர்களும் மொத்தக் கடைகளுக்கு வந்தன.

இதை வாங்கலாமா, சூடான சாம்பாரை இதில் ஊற்றலாமா, கரும்புச் சக்கை டப்பா இதைவிட மேலா, கூடுதலாகக் கொடுக்கும் காசுக்குப் பலன் உண்டா என்று கடைக்காரர்கள் கேட்டபடி இருக்கிறார்கள். எல்லாக் கடைக்கும் சேர்த்து ஒரே பதில் கிடையாது. ஆனால் எந்தக் கடையானாலும், வாடிக்கையாளர் சாப்பிட்டு முடித்த பின் அந்தப் பாத்திரம் எங்கே போய்ச் சேருகிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் பாதிக் குழப்பம் தீரும். எதிலிருந்து செய்தார்கள் என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

சூடு. அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பார் பார்சலுக்குள் போகும்போது 75 முதல் 90 டிகிரி இருக்கும். தயிர் சாதத்துக்கும் ஜூஸுக்கும் இந்தக் கவலை இல்லை.

ஈரம், எண்ணெய், நேரம். கடை வாசலிலேயே சாப்பிடுகிறாரா, டெலிவரி பையில் முக்கால் மணி நேரம் குலுங்கிப் போகிறதா என்பதைப் பொறுத்துத் தேர்வு மாறும்.

போய்ச் சேரும் இடம். மக்கும் பிளாஸ்டிக்குக்கான இந்தியத் தரம் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088. இந்தச் சோதனையில் பொருளை 58 டிகிரி சூடுள்ள உரக்குவியலில் வைக்கிறார்கள். 12 வாரத்தில் அது சிதைந்து, 2 மி.மீ. சல்லடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்காமல் போக வேண்டும். 180 நாளுக்குள் அதன் கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது அந்த 58 டிகிரி. நம் ஊர் மண் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். வீட்டு மாடியில் வைத்திருக்கும் உரத்தொட்டி சில நாள் சூடாகி ஆறிவிடும். அந்தச் சூட்டில் சோளப் பிளாஸ்டிக் டம்ளர் வருடக்கணக்கில் டம்ளராகவே கிடக்கும்.

சான்று. மக்கும் பொருளுக்குத் தடையிலிருந்து விலக்கு உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும், பொருளின் மேல் ‘மக்கும்’ என்ற முத்திரையும் தயாரிப்பாளர் விவரமும் இருந்தால்தான் அந்த விலக்கு செல்லும்.

உண்மையான செலவு. டப்பாவின் விலையோடு கணக்கு முடிவதில்லை. கிடங்கில் வீணானவை, வழியில் ஒழுகியதால் திருப்பித் தந்த பணம், கழுவும் கூலி எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு பார்சலுக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

## பி.எல்.ஏ. டம்ளரும் டப்பாவும்

‘சோளப் பிளாஸ்டிக்’ என்று விற்கப்படும் கண்ணாடி போன்ற டம்ளர் பெரும்பாலும் பி.எல்.ஏ. என்ற பாலிலாக்டிக் அமிலம். சோள மாவையோ கரும்புச் சர்க்கரையையோ நொதிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்கி, அதைச் சங்கிலியாகக் கோத்துச் செய்கிறார்கள். ஆக, செடியிலிருந்து வந்தது என்பது உண்மைதான்.

குளிர்ந்த பானத்துக்கு இது அருமையான பொருள். ஐஸ் தாங்கும், எண்ணெய் கசியாது, பளிச்சென்று தெரியும். பழத்துண்டு, சாலட், லஸ்ஸி, ரோஸ்மில்க், ஜிகர்தண்டா எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

சூட்டில் மட்டும் தோற்றுவிடும். 55 முதல் 60 டிகிரிக்குள் இளகத் தொடங்கும். காபியை ஊற்றினால் டம்ளர் குழைந்து கையிலேயே சரியும். சூடான பானத்துக்கென்று வரும் வெள்ளை மூடியும் ஸ்பூனும் படிகமாக்கிய பி.எல்.ஏ. அவை சுமார் 85 டிகிரி வரை நிற்கும். இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுவதால், சூடு வரம்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பலர் கணக்கில் எடுக்காத செலவு கிடங்கில் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கு அடியிலும் மூடிய சரக்கு வேனிலும் சூடு 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அடுக்கிவைத்த டம்ளர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, விளிம்பு கோணிப்போகும். பிரித்தெடுத்தாலும் மூடி உட்காராது. கோடையில் ஒரு மாதச் சரக்கை மொத்தமாக இறக்காமல் வாரத்துக்கு வாரம் வாங்குவது நல்லது. பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி, தரையை ஒட்டிய நிழலான இடத்தில் பலகை மேல் வையுங்கள்.

இன்னொன்று, இது ஈரப்பதத்தை உள்ளே விடும். முறுக்கு, மிக்சர் போன்றவற்றைப் பல நாள் வைத்து விற்பதானால் நமத்துப்போகும். பி.எல்.ஏ. டம்ளர், தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் என்ற பிளாஸ்டிக்கோடு கலந்து பழைய பிளாஸ்டிக் வியாபாரியிடம் போனால், பெட் மறுசுழற்சியையும் கெடுத்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் பிரிப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

## மக்கும் கவர்

மெல்லிய மக்கும் கவர் முழுக்கச் சோளத்தில் செய்தது கிடையாது. பி.எல்.ஏ. தனியாக இருந்தால் கண்ணாடித் தாள்போல மடிப்பில் உடையும். அதனால் பி.பி.ஏ.டி. என்ற நெகிழும் பாலிமரோடு மாவையோ பி.எல்.ஏ.வையோ கலந்து செய்கிறார்கள். பி.பி.ஏ.டி. பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. அது மக்கும் என்பது உண்மை, செடியிலிருந்து மட்டுமே வந்தது என்பது உண்மையில்லை. வாடிக்கையாளரிடம் ‘100 சதவீதம் தாவரம்’ என்று அச்சடித்துக் கொடுக்கும் முன் இதை விசாரித்துவிடுங்கள்.

உலர்ந்த, ஆறிய பொருளைத் தூக்கிச் செல்ல இது போதும். திருப்பதியில் லட்டுக்காக மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய மக்கும் பைகளை 2021-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது அந்த மாதிரிப் பயன்பாடுதான். கொதிக்கும் சாம்பாரை ஊற்றி நூலில் கட்டும் வேலைக்கு இது வேண்டாம். மாவு கலந்த படலம் சூடான நீரில் ஊறி மென்மையாகும், முடிச்சு விழுந்த இடத்தில் முதலில் கசியும். ஹீட் சீல் போடுபவர்கள் பழைய கவருக்கு வைத்த சூட்டை அப்படியே வைத்தால் படலம் உருகி ஓட்டை விழும். சூட்டைக் குறைத்து வைத்து, சீல் போட்ட பையில் தண்ணீர் நிரப்பித் தலைகீழாகப் பத்து நிமிடம் தொங்கவிட்டுச் சோதித்த பிறகே சாம்பாரைத் தொடுங்கள்.

ஈரமும் சூடும் பட்டால் இந்தக் கவர் கிடங்கிலேயே வலுவிழக்கும். தயாரித்த தேதி இல்லாத கட்டை வாங்காதீர்கள். ஆறு மாதம் தாண்டிய கட்டில் ஒன்றை உருவி, மடிப்பு வழியே இழுத்துப் பாருங்கள். நீளாமல் கோடு பிடித்துக் கிழிந்தால் அந்தக் கட்டுக்கு ஆயுள் முடிந்தது.

மண்ணில் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு அளவுகோல். மக்கும் பை கடல் நீரில் மூன்று மாதத்தில் காணாமல் போனது. மண்ணில் புதைத்தது 27 மாதம் கழித்தும் அங்கேயே இருந்தது, எடை தாங்கும் வலு மட்டும் போயிருந்தது.

### அசலா, போலியா

பாலித்தீன் கவர் மேல் பச்சை இலைப் படம் அச்சிட்டு விற்பது பரவலாக நடக்கிறது. கடையிலேயே செய்யக்கூடிய இரண்டு சோதனைகள் உண்டு.

கவரில் இரண்டு விரற்கடைத் துண்டு வெட்டி, தண்ணீருக்குள் அழுத்திக் காற்றுக்குமிழ் நீங்கத் தேய்த்து விடுங்கள். பாலித்தீனும் பாலிப்ரோப்பிலீனும் தண்ணீரைவிட லேசானவை, மிதக்கும். பி.எல்.ஏ.வும் பி.பி.ஏ.டி.யும் கனமானவை, மூழ்கும். மிதந்தால் போலி என்று உறுதி. மூழ்கியதால் மட்டும் அசல் என்று சொல்லிவிட முடியாது. சுண்ணாம்புத் தூள் நிறையக் கலந்த பாலித்தீனும் மூழ்கும்.

கண்ணாடி போன்ற டம்ளருக்கு வேறு சோதனை. கொதிக்கும் நீரும் சாதாரண நீரும் சம அளவு கலந்தால் சுமார் 65 டிகிரி வரும். அதைத் டம்ளரில் ஊற்றி விளிம்பை லேசாக அழுத்துங்கள். பி.எல்.ஏ. ஓரிரு நிமிடத்தில் குழையும். பெட் டம்ளர் அந்தச் சூட்டில் நிற்கும்.

பெரிய ஆர்டர் என்றால் சான்றிதழ் எண்ணை வாங்கி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளப் பட்டியலில் தயாரிப்பாளர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் சென்னை கிண்டியில் உள்ள சிப்பெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்தில் சோதனைக்குக் கொடுக்கலாம்.

## கரும்புச் சக்கை டப்பா

ஆலையில் சாறு பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையைக் கூழாக்கி, அச்சில் அழுத்திக் காயவைத்த டப்பா இது. பிளாஸ்டிக் இல்லை, நார்தான். கொதிக்கும் சோறு, பொங்கல், பிரியாணி எல்லாம் தாங்கும். வாடிக்கையாளர் வீட்டு உரத்தொட்டியில் போட்டாலும், பூச்சு இல்லாத டப்பாவாக இருந்தால் கிழித்துப் போட்ட சில மாதத்தில் மட்கிவிடும். இந்த ஒரு விஷயத்தில் பி.எல்.ஏ.வை இது தெளிவாக மிஞ்சுகிறது.

இதன் பலவீனம் ஆவி. மூடியைச் சூட்டோடு அடைத்தால் ஆவி நீராகி, முக்கால் மணி நேரத்தில் அடிப்பாகம் தொய்யும். சோற்றைக் கொட்டி இரண்டு நிமிடம் ஆவி விட்டு மூடுங்கள். குழம்பைத் தனியே கொடுங்கள்.

எண்ணெய் ஊறாமல் இருக்கச் சில ஆலைகள் பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் ஃபுளோரின் ரசாயனங்களைச் சேர்த்து வந்தன. இவை மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குபவை. அமெரிக்காவில் இத்தகைய எண்ணெய்த் தடுப்புப் பொருட்கள் உணவுப் பொதிகளுக்கு இனி விற்கப்படுவதில்லை என்று 2024 பிப்ரவரியில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. அதனால் விற்பவரிடம் ‘மொத்த ஃபுளோரின் பத்து லட்சத்தில் 100 பங்குக்குள்’ என்ற ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். பி.எஃப்.ஏ.எஸ். உள்ள டப்பா உரத்தில் கலந்தால் காய்கறித் தோட்டத்துக்கு அந்த ரசாயனத்தை நாமே ஊற்றியதாகும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

டப்பாவின் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். நார் பிரிந்த பிறகும் மெல்லிய படலம் ஒன்று தொங்கினால் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது என்று பொருள்.

## வாழை இலை, பாக்குமட்டை

இட்லி, பொங்கல், சாதம் கட்ட வாட்டிய வாழை இலையை மிஞ்ச இன்னும் எதுவும் வரவில்லை. இலையைத் தீயில் காட்டி வாட்டினால் நரம்பு தளர்ந்து, மடிப்பில் கிழியாது. மேலே சுற்றும் தாள் செய்தித்தாளாக இருக்கக் கூடாது, அச்சு மையின் காரணமாக உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடுத்திருக்கிறது. குழம்புக்கு இலை உதவாது, விசேஷ நாட்களில் விலையும் ஏறும்.

பாக்குமட்டைத் தட்டு பந்திக்கும் அங்கேயே சாப்பிடும் கடைக்கும் ஏற்றது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், கரும்புள்ளி உள்ளதைக் கழித்துவிடுங்கள். பாக்கு மரத்தில் இயற்கையாக உள்ள ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருட்கள் உணவில் இறங்கக்கூடும் என்று 2025-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தத் தட்டுகளுக்கு எதிராக எச்சரித்தது. ஏற்றுமதி செய்பவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும்.

## பாலிப்ரோப்பிலீன் டப்பா

அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கும் கறுப்பு அல்லது வெள்ளை டப்பா. தமிழ்நாட்டின் 14 வகைப் பட்டியலில் இதன் பெயர் இல்லை. கூடவே தரும் பிளாஸ்டிக் ஸ்பூன் மத்தியத் தடையில் வருகிறது. நீலகிரியில் விதிகள் இன்னும் கடுமை, அங்கே கடை நடத்துபவர்கள் உள்ளூரில் விசாரிக்க வேண்டும்.

கொதிக்கும் குழம்பை ஊற்றி ஒரு மணி நேரம் பைக்கில் அனுப்ப இதுதான் நம்பகமானது. வீடுகளில் கழுவிப் பருப்பு போட்டு வைக்கிறார்கள், அந்த மறுபயன்பாட்டுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் எண்ணெய் பிசுக்கோடு வீசப்பட்ட டப்பாவைப் பழைய பொருள் வியாபாரி எடுப்பதில்லை. அது பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற குப்பைமேட்டுக்குப் போய் அங்கேயே தங்கும்.

சொல்லக் கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். உரமாக்கும் வழியே இல்லாத ஊரில், சூடான குழம்புக்கு, மக்கும் பிளாஸ்டிக்கைவிடத் தடித்த பாலிப்ரோப்பிலீன் டப்பா மோசமானதில்லை. ஒழுகாது, திரும்பத் திரும்பப் பயன்படும், விலையும் குறைவு.

## எவர்சில்வர், திரும்பி வருவது

இதில் எல்லாமே திரும்பி வரும் விகிதத்தில் இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு டப்பா 120 ரூபாய், கழுவும் செலவு தடவைக்கு ஒன்றரை ரூபாய் என்று வையுங்கள். நூற்றுக்கு ஒன்று தொலைந்தால் ஒரு டப்பா சராசரியாக 100 தடவை ஓடும். பார்சலுக்கு 1.20 ரூபாயோடு கழுவும் செலவு சேர்த்து 2.70. நூற்றுக்கு ஐந்து தொலைந்தால் 20 தடவைதான், பார்சலுக்கு 7.50 ஆகிவிடும். 8 ரூபாய்க்குச் சக்கை டப்பா கிடைக்கும் ஊரில், நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தொலையத் தொடங்கினால் எவர்சில்வரின் லாபம் கரைந்தது.

முன்பணம் வாங்கினால் இந்தக் கணக்கு மாறும். டாஸ்மாக் 2022-ல் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பித் தரத் தொடங்கியதும், காட்டில் வீசப்பட்ட பாட்டில்களின் பெரும்பகுதி கடைக்குத் திரும்பியது. டப்பாவின் முழு விலையையும் முன்பணமாக வைத்தால் தொலைவது உங்கள் நஷ்டம் ஆகாது. தினம் 60 பார்சல், ஒரு டப்பா இரண்டு நாள் வெளியே இருக்கும் என்றால், வெளியே 120, கையில் அன்றைக்கு 60 என்று சுமார் 180 டப்பா வேண்டும். சாதாரண அழுத்து மூடி பைக்கில் ஒழுகும், கொக்கி மூடியும் சிலிகான் வளையமும் உள்ளதை வாங்குங்கள். வளையத்தைக் கழற்றிக் கழுவாவிட்டால் சாம்பார் வாடை தங்கிவிடும்.

முதலீடே இல்லாத வழியும் உண்டு: தூக்கு கொண்டு வருபவருக்குப் பார்சல் காசைக் குறைப்பது. அளவுக் கரண்டியை நிரந்தரமாக வைத்துவிட்டால், பெரிய தூக்கைப் பார்த்து அதிகம் ஊற்றிவிடும் பிரச்சினை வராது.

## பக்கத்தில் பக்கமாக

| பொருள் | சூடு | குழம்பு, எண்ணெய் | எங்கே மக்கும் | எங்கே சரி |
|---|---|---|---|---|
| பி.எல்.ஏ. டம்ளர், டப்பா | 55 டிகிரிக்குள் | குளிர்ந்தது எல்லாம் சரி | 58 டிகிரி உரக்குவியலில் மட்டும் | ஜூஸ், பழம், வளாக கேன்டீன் |
| மக்கும் கவர் | ஆறியது மட்டும் | சூடான குழம்புக்கு வேண்டாம் | சூடான உரக்குவியல் | உலர் பொருள், ஈரக்குப்பைப் பை |
| கரும்புச் சக்கை | கொதிக்கும் சோறு | ஒரு மணி நேரத்துக்குள் | பூச்சு இல்லாவிட்டால் வீட்டுத் தொட்டியிலும் | டிபன், சாதம் |
| வாழை இலை | தாங்கும் | கெட்டியானது மட்டும் | எங்கும் | இட்லி, பொங்கல் |
| பாலிப்ரோப்பிலீன் | 100 டிகிரி வரை | நன்றாகத் தாங்கும் | எங்கும் இல்லை | தூரத்து டெலிவரி |
| எவர்சில்வர் | எதுவும் | மூடியைப் பொறுத்தது | தேவையில்லை | நிலையான வாடிக்கை |

## உரமாக்கும் வழி இருக்கிறதா

மக்கும் பிளாஸ்டிக் வாங்கும் முன் உங்கள் ஊராட்சி அல்லது மாநகராட்சியின் நுண் உரம் செயலாக்க மையத்தில் நேரில் கேளுங்கள். பல மையங்களில் ஈரக்குப்பை ஒன்றரை மாதம் போலத்தான் இருக்கும், பிறகு சல்லடைக்குப் போய்விடும். பி.எல்.ஏ. டம்ளர் அதற்குள் சிதையாது. அதற்கும் முன்னால், தூய்மைப் பணியாளர் பிளாஸ்டிக் போலத் தெரியும் எதையும் பொறுக்கி ஒதுக்கிவிடுவார். அவர் செய்வது சரிதான், அசலையும் போலியையும் கையில் வைத்துப் பிரிக்க அவருக்கு வழியில்லை. சேத்துப்பட்டில் இருப்பதுபோல ஈரக்குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலைகளிலும் இதே நிலைதான். அந்தத் தொட்டிகளின் சூட்டில் பி.எல்.ஏ. அநேகமாக அப்படியே வெளியே வரும்.

சக்கை டப்பாவும் குப்பைமேட்டில் புதைந்தால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் விடும். ஆகவே ‘நார்தானே, எங்கே போட்டால் என்ன’ என்று விட்டுவிட முடியாது.

கல்லூரி வளாகம், தொழிற்சாலை கேன்டீன், ஆசிரமம், பெரிய மண்டபம் போல வாசலுக்குள்ளேயே சாப்பிட்டு வாசலுக்குள்ளேயே குப்பை விழும் இடங்களில் பி.எல்.ஏ. தன் பேரைக் காப்பாற்றும். குவியல் ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், சிறியது சூட்டைத் தக்கவைக்காது. டம்ளரை ஐந்து செ.மீ.க்குள் துண்டாக்குங்கள். பி.எல்.ஏ.வில் நைட்ரஜன் இல்லை, அதனால் காய்கறிக் கழிவும் சாணமும் தாராளமாகச் சேர்த்து, காய்ந்த இலையால் ஈரத்தைச் சரிசெய்யுங்கள். கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வருவது சரியான பதம். நீளக் கம்பி வெப்பமானியை நடுவில் செருகித் தினமும் பாருங்கள். 55-க்குக் கீழே இறங்கினால் புரட்டிப் புதுக்கழிவு சேருங்கள். பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் சூடு இறங்கும், அப்போது கைவிடுவதால்தான் டம்ளர் துண்டுகள் உரத்தில் மிஞ்சுகின்றன. மூன்று மாதம் இந்தச் சூட்டைக் காப்பாற்ற ஆள் ஒதுக்க முடியாத வளாகம் எவர்சில்வர் டம்ளரும் கழுவும் தொட்டியும் வாங்குவது மேல்.

## எந்தக் கடைக்கு எது

ஜூஸ் கடை: அங்கேயே குடிப்பவருக்குக் கண்ணாடி டம்ளர். பார்சலுக்கு மட்டும் பி.எல்.ஏ., அதுவும் சான்றுள்ளது. ஸ்ட்ராவைக் கேட்டால் மட்டும் கொடுங்கள்.

டீக்கடை: கண்ணாடி அல்லது எவர்சில்வர் டம்ளர், கொதிநீர்த் தொட்டி. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் தமிழ்நாட்டில் தடையில் இருக்கிறது, 2023-ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையை ஏற்றது. ஐ.ஐ.டி. கரக்பூர் 2020-ல் செய்த ஆய்வில், அத்தகைய கப்பில் 100 மி.லி. சூடான நீர் 15 நிமிடம் இருந்தபோது சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் நீரில் இறங்கின. பி.எல்.ஏ. பூசிய கப் என்று யாராவது கொண்டுவந்தால் சான்றைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

காலை டிபன் கடை: இட்லிக்கு வாட்டிய இலை, பொங்கலுக்குச் சக்கை டப்பா, சாம்பாருக்கு வாடிக்கையாளரின் தூக்கு. தூக்கு இல்லாதவருக்குச் சிறிய பாலிப்ரோப்பிலீன் டப்பாவைக் காசு போட்டுக் கொடுங்கள். சும்மா கொடுத்தால் கழுவி வைக்க மாட்டார்கள்.

மாதக் கணக்கு மெஸ்: தயங்காமல் எவர்சில்வர் கேரியர். சாப்பிடுபவர் யார், வீடு எங்கே என்று தெரிந்திருப்பதால் தொலைவது மிகக் குறைவு.

செயலி வழி டெலிவரி மட்டும் செய்யும் சமையலறை: சாதத்துக்குச் சக்கை டப்பா, குழம்புக்குப் பாலிப்ரோப்பிலீன். ஸ்பூனும் டிஷ்யூவும் வேண்டாம் என்பதை ஆர்டர் பக்கத்தில் வழக்கமான தேர்வாக வையுங்கள். மக்கும் கவரில் குழம்பு ஊற்றிப் பார்க்க ஆசைப்பட்டால், முதலில் பத்துப் பைகளைக் குழம்போடு பைக் பெட்டியில் வைத்து ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றி வாருங்கள். ஒன்று கசிந்தாலும் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.